காட்டேரி கனிசியஸ்

கொழும்புத்துறைக் கரையில் கனிசியஸ் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. காட்டேரி வீடு என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். அந்தப் பட்டம் கிடைத்த நாடகத்துக்கு உடுப்புத் தைத்தவள் நான், அற்புதராணி. அவனைக் குத்தியவன் என் தம்பி சிமியோன். தம்பியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். அதனால் கனிசியஸைப் பற்றி நல்லது சொல்லும்போதும் என் வாயில் கொஞ்சம் உறைப்பு இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனிசியஸ் கடலுக்குப் போகிறவன். ஆள் நெட்டை, கறுவல், மேற்பல் இரண்டும் உதட்டுக்கு வெளியே நிற்கும். அவனுக்கு உலகத்தில் இருந்தது ஒரேயொரு ஆசை. தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் யேசுவின் பாடுகளைக் காட்டிப் போடும் பாஸ்கு நாடகத்தில் அவன் யேசுவாக நடிக்க வேண்டும். நாடகம் பழக்கும் பேதுரு அண்ணாவியாரோ அவனுக்கு யூதாஸ் கொடுப்பார், இல்லாவிட்டால் கள்ளன் கொடுப்பார்.

"உந்தப் பல்லோடை யேசுவோ? சனம் சிரிக்குமடா" என்பார்.

யேசுவின் விலாவில் ஈட்டியால் குத்தும் படைவீரன் மட்டும் எந்த வருசமும் மாறுவதில்லை. அது என் தம்பி. யேசுவாக நிற்பவனின் வலது விலாவில், சிவப்புத் தண்ணீர் அடைத்த ஆட்டுக்குடலை அங்கிக்குள் கட்டிவிடுவோம். பேதுரு அண்ணாவியார் ஆர்மோனியத்தில் ஒரு அழுகை மெட்டை இழுப்பார். மெட்டு ஏறி நிற்கும் இடத்தில் சிமியோன் குத்துவான். குடல் உடைந்து வழியும், பெண்கள் மாரடித்துக் குழறுவார்கள். அவன் கை ஒருநாளும் பிசகினதில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு யாரோ வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து ஒரு பழைய இங்கிலிஸ் பேய்ப்படம் போட்டார்கள். மாளிகையில் ஒரு பிரபு. பகலில் சவப்பெட்டிக்குள் படுப்பான், இரவில் எழும்பிப் பெண்களின் கழுத்தில் ரத்தம் குடிப்பான். சிலுவையைக் கண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவான். கடைசியில் ஒரு டாக்குத்தர் அவன் நெஞ்சில் தடி இறக்கிக் கொல்லுவார். நாங்கள் பாதிப் படத்தைக் கண்ணைப் பொத்திக்கொண்டுதான் பார்த்தோம். பேதுரு அண்ணாவியார் மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

"உவங்கள் மாளிகை கீளிகை ஒண்டும் கட்டேல்லை. பார், அதே படிக்கட்டு, அதே தூண். சீலையை மாத்தித் தொங்கவிட்டுப் பெரிய மாளிகை எண்டு காட்டிறாங்கள். உவங்களுக்கு ஏலுமெண்டால் எங்களுக்கு ஏலாதோ?"

அவ்வளவுதான், பங்குத் திருநாளுக்குக் காட்டேரி நாடகம் என்று முடிவாயிற்று. பல்லைப் பார்த்ததும் பேய் யாரென்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. கனிசியஸ் மறுத்துவிட்டான்.

"சிலுவையைக் கண்டு நான் ஓடுறதோ? ஏலாது அண்ணாவியார்."

"சரி, என்ன வேணும் சொல்லு."

"அடுத்த பாஸ்கிலை யேசு எனக்கு."

"ஓம், தாறன்" என்று அண்ணாவியார் கோயில் பக்கம் கையை நீட்டினார். அதற்குப் பிறகுதான் கனிசியஸ் சம்மதித்தான்.

பாஸ்கு மேடையின் கறுப்புத் திரையில் போர்வை தைத்தேன், உள்ளே கொடிச்சீலையில் சிவப்பு வைத்தேன். ரத்தமும் என் பொறுப்பு. சவ்வரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சிவப்புக் கலர் போட்டேன். நீட்டுப் பல்லைத் தேங்காய்ச் சொட்டில் சீவிக் கொடுத்தோம். ஒத்திகை முடியுமுன்னே அவன் அதைத் தின்றுவிடுவான், சனியன். இறால் பெட்டிப் பலகையில் சவப்பெட்டி. டாக்குத்தர் சிமியோன். அவன் கடலுக்குள் தடி நட்டு வலை கட்டுகிறவன் ஆகையால், அந்தக் கூர்த்தடியையும் அதை அடிக்கும் கொட்டனையும் வீட்டிலிருந்தே கொண்டு வந்தான். பேயின் இருதயம் இடப்பக்கம் என்பதால் கனிசியஸின் இடது நெஞ்சில் பலகை கட்டி, அதன்மேல் ரத்தக்குடலை வைத்தோம். ஆர்மோனியம் இல்லாத ஒத்திகையில் சிமியோன் தடியைச் சரியாக அந்தப் பலகையில்தான் வைத்தான்.

பொழுதுபட்டால் ஆமிப் பயத்தில் ஒருவரும் தலைகாட்டாத காலம். அதனால் எங்கள் பேய் பட்டப்பகலில் எழும்பியது. கனிசியஸ் போர்வையை விரித்தபோது முன்வரிசைப் பெண்கள் செபமாலையைத் தூக்கிக் காட்டினார்கள். அவன் சீறினான், பதுங்கினான், கடைசியில் பெட்டிக்குள் போய் விழுந்தான். சிமியோன் தடியோடு வந்தான். சாவுக்கு வாசிக்க அண்ணாவியாருக்குத் தெரிந்தது ஒரே மெட்டுத்தான். அவர் பாஸ்கு மெட்டை இழுத்தார்.

என் தம்பியின் கை அந்த மெட்டுக்குப் பழகின கை. மெட்டு ஏறி நின்றதும் அது தானாக வலது விலாவுக்குப் போயிற்று. கொட்டனால் ஒரே அடி. எலும்பு முறிந்த சத்தம் திரைக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது.

"ஐயோ, மாதாவே!" என்று கனிசியஸ் அலறினான். பேய் மாதாவைக் கூப்பிடுகிறது என்று சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "இன்னும் ஒண்டு போடு!" என்று ஒருவன் கத்தினான். சிமியோன் கொட்டனை மறுபடி ஓங்கினான். நான் காய்ச்சின ரத்தம் தடிப்பு, இளஞ்சிவப்பு. பெட்டிப் பலகையால் ஒழுகியது தண்ணீராக ஓடியது, கருஞ்சிவப்பு. மேடையில் பாய்ந்து தம்பியின் கையைக் கடித்தேன். கொட்டன் விழுந்த பிறகு அவன் கன்னத்தில் அறைந்தேன்.

அந்தப் போர்வையிலேயே சுற்றிக் காரில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்து பார்த்த தாதி தேங்காய்ப் பல்லைக் கண்டு குழறிவிட்டாள். எங்களுக்கு அதைக் கழற்ற ஞாபகமில்லை. தடி நுரையீரலுக்குப் போகாமல் சறுக்கியிருந்ததாம். கண் விழித்ததும் அவன் கேட்டது என்ன தெரியுமா?

"அண்ணாவியார், யேசு எனக்குத்தானே?"

பக்கத்தில் நின்ற சிமியோன் தலையில் அடித்து அடித்து அழுதான். இனி ஒருத்தரையும் குத்தமாட்டேன் என்று சத்தியம் பண்ணினான்.

அடுத்த வருசம் பாஸ்கு இல்லை, கடலில் நேவியின் துவக்குச் சூடு. பிறகு ஷெல் அடி. பிறகு இந்திய ஆமி, ஊரே கோயிலுக்குள் படுத்தது. ஒவ்வொரு தவக்காலமும் கனிசியஸ் தாடி வளர்ப்பான், பாஸ்கு இல்லையென்றதும் வழிப்பான். மீன் கொண்டுவரும்போது பெட்டைகள் பகிடிக்குச் சிலுவையைக் காட்டுவார்கள். அவனும் முகத்தை மூடிப் பின்வாங்குவான். உள்ளுக்குள் வெந்தான் என்பது எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்றில் ஒருவழியாகப் பாஸ்கு வந்தது. இரவு வெளிச்சத்தைக் கண்டால் குண்டு போடும் பொம்பர் வரும் என்ற பயத்தில் அதுவும் பகலில். அண்ணாவியார் சொன்ன சொல் தவறவில்லை. ஈட்டி பிடிக்க மாட்டேன் என்று சிமியோன் அடம்பிடித்தான். கனிசியஸ் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"நீ குத்தினால்தான் நான் சிலுவையிலை ஏறுவன். இந்தமுறை வலப்பக்கம்தான் சரி, பயப்பிடாதை."

அப்படித்தான் என் தம்பியை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

சிலுவையில் கனிசியஸைக் கையிரண்டும் கயிற்றால் கட்டித் தூக்கினார்கள். பல் தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பழைய தழும்பின் மேலேயே குடலைக் கட்டியிருந்தேன். அண்ணாவியார் மெட்டைத் தொடங்க, மேலே இரைச்சல் கேட்டது. "பொம்பர்!" என்று யாரோ கத்தினார்கள். சனம் மிதிபட்டுப் பதுங்குகுழிப் பங்கருக்கு ஓடியது. நானும் ஓடினேன். முதல் குண்டு கரையில் விழுந்து வள்ளங்கள் துண்டு துண்டாக எழும்பின. பங்கர் வாசலில் கவிழ்ந்து திரும்பிப் பார்த்தேன். கனிசியஸ் தனியாகத் தொங்கினான். சிமியோன் ஈட்டியை எறிந்துவிட்டு ஏணியைச் சாத்தி ஏறிக்கொண்டிருந்தான்.

"போடா! என்னை விட்டிட்டு ஓடடா!" என்று கனிசியஸ் தொண்டை கிழியக் கத்தினான்.

சிமியோன் மீன் வெட்டும் கத்தியால் ஒரு கயிற்றை அறுத்தான். மற்றக் கைக்கு எட்டும்போது இரண்டாவது குண்டு விழுந்தது. புழுதி அடங்கின பிறகு பார்த்தால் ஏணி இல்லை. அவிழ்ந்த ஒரு கையால் என் தம்பியை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி கனிசியஸ் தொங்கிக்கொண்டிருந்தான். அங்கி முழுக்க ரத்தம். விலாவில் நான் கட்டின குடல் உடையவில்லை. குண்டுத்துண்டு சிமியோனுக்கு முதுகால் ஏறியிருந்தது, இடப்பக்கம். அவன் முதுகு மறைத்திருக்காவிட்டால் அது கனிசியஸுக்குப் பட்டிருக்கும். கையை எடு என்றால் கனிசியஸ் எடுக்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து விரல்களைப் பிரித்துத்தான் தம்பியின் உயிரில்லாத உடம்பை இறக்கினார்கள்.

கொஞ்சக் காலம் அவன் முகத்தில் நான் முழிக்கவில்லை. அவன் ஆசைக்கு என் தம்பியைப் பலி கொடுத்தேன் என்று அவன் காது கேட்கத் திட்டினேன். அவன் வாசலில் மீனை வைத்துவிட்டுப் போவான். நான் அதைப் பூனைக்குப் போட்டேன்.

அடுத்த தவக்காலம் மறுபடி பாஸ்கு போட்டபோது அண்ணாவியார் யேசு வேசத்தை அவனுக்கே கொடுத்தார். கனிசியஸ் வேண்டாம் என்றான். "சிமியோன்ரை ஈட்டியைத் தாங்கோ" என்றான். யேசுவாகப் புதுசாய்க் கலியாணம் முடித்த ஒருவன் நின்றான். மெட்டு ஏறி நின்றது. கனிசியஸ் ஈட்டியை ஓங்கினான், பிறகு மெல்ல இறக்கினான். அண்ணாவியார் மெட்டைத் திருப்பி வாசித்தார். கனிசியஸ் ஒரு அடி பின்னுக்கு வந்தான். சிலுவையில் நின்ற பொடியனை அண்ணாந்து பார்த்து, எல்லாருக்கும் கேட்கக் கேட்டான்.

"தம்பி, குடல் எந்தப் பக்கம் கட்டியிருக்கு? சரியாப் பார்த்துச் சொல்லு."

சனம் சிரித்தது. நான் எழும்பி நின்று, "வலப்பக்கம் கனிசியஸ், நான்தான் கட்டினனான், குத்து" என்றேன். ஒரு வருசத்துக்குப் பிறகு நான் அவனோடு கதைத்த முதல் கதை அது.