குச்சிக்கிழங்குத் தழை தின்ற கோழிகள்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி போய்ப் படித்த முதல் ஆள் நான். படித்தது கோழி வளர்ப்பு. அதைப் படிக்காமலே அப்பா முன்பிருந்தே செய்துகொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

கறிக்கோழித் தீவனத்தில் புரதத்துக்குச் சோயாப் புண்ணாக்கு. காசை விழுங்குவதும் அதுதான். எங்கள் வெண்ணந்தூரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடு. அந்தத் தழையிலும் புரதம் இருக்கிறது, நறுக்கிச் சருகாகக் காயவைத்தால் அதிலுள்ள நஞ்சு அடங்கிவிடும், சோயாவில் ஒரு பங்கைக் குறைக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். பச்சைத் தழையைத் தின்று ஆடு செத்ததைப் பார்த்த ஊர் இது. இருந்தும் அப்பா கோழிக் கொட்டாயில் ஒரு மூலையைத் தடுத்துக் கொடுத்தார்.

"இதுக்குள்ள என்ன வேணாப் பண்ணிக்க. தேறுச்சுன்னா அடுத்த தடவை கொட்டாய் முழுக்க உன்ற தீவனம். இல்லீன்னா வேற வேலை பாரு."

கோழிகள் தேற வேண்டுமென்று வேண்டிக்கொண்டு சபரிமலைக்கு மாலை போட்டேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

கோழிகள் தேறின. ஒன்றுகூடச் சாகவில்லை. தழையின் சத்து இறங்கிக் கால்கள் மட்டும் மஞ்சளாகிவிட்டன.

"கோழிக்கு ஒண்ணும் ஆகலை, செரி. திங்கற மனுசனுக்கு?" என்றார் அப்பா. "நீயே மொதல்ல தின்னு காட்டு. அப்பறம் கோழி வாங்கற ஏவாரியைக் கூப்படறேன்."

கழுத்து மாலையைத் தொட்டுக் காட்டினேன்.

"நல்லா நேரம் பாத்துத்தான் மாலை போட்டிருக்கறீங்க, சாமி!"

விரதம் முடியும்வரை கோழிகளை நிறுத்திவைக்க முடியாது. நாள் தப்பிய கறிக்கோழி தீவனத்தைத்தான் தின்று தீர்க்கும். மறுநாள் அப்பாவே ஒன்றைப் பிடித்தார். மாலை போட்டவன் இருக்கும் வீட்டில் கறி ஆக்கக் கூடாதென்று கொட்டாய்க்குப் பின்னால் கல் கூட்டி அடுப்பு மூட்டினார்.

"ஏனுங்க, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்றாள் அம்மா.

"அவனுக்கு விரதம், உனக்குப் பயம். வேற யாரு திங்கறது? பக்கத்துக் காட்டுக்காரன் வண்டியை மட்டும் ரெடியா நிக்கச் சொல்லு."

தின்றார். எலும்பையும் விடவில்லை. பிறகு கட்டிலில் சாய்ந்து தூங்கிவிட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நஞ்சு அடங்கிவிடும் என்று படித்தவன் நான், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்காமல் அம்மா உலுக்கினாள்.

"உசுரோடதான் இருக்கறேன். உப்புத்தான் கம்மி. ஏவாரியை வரச் சொல்லு."

சாயங்காலம் வந்த ஏவாரி ஒரு கோழியைத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தார். "காலெல்லாம் நாட்டுக்கோழியாட்டம் மஞ்சளா இருக்குதுங்களே! என்ன தீவனமுங்க?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"நல்ல சோயாங்க."

"அதானே பாத்தேன். அதையே போடுங்க."

ஏவாரியின் வண்டி கிளப்பிய புழுதி அடங்குவதற்குள், அப்பா சாக்கை எடுத்துக்கொண்டு குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் இறங்கிவிட்டார்.