தாடை போன நாயோடு ஒன்பது நாள்

கள்ளக்குறிச்சியில் துணி தைத்துப் பிழைக்கிறவள் நான். வைத்தியம் படித்ததில்லை. எப்போதோ வண்டியில் அடிபட்டுக் கிடந்த ஒரு நாய்க்குக் கட்டுப் போட்டேன், அது பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து காலொடிந்தது, புழு வைத்தது என்று தெருவில் எதைப் பார்த்தாலும் என் கடைக்குத் தூக்கி வந்துவிடுவார்கள். பாதி பிழைக்கும். மீதியைப் புதைப்பேன்.

போன வருடம் ஆடியில், ஒரு நாள் காலை, கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பஸ்ஸில் ஏற்றாததால் பால் வண்டியில் வந்திருந்தார். தோளில் சுமந்துவந்த போர்வையை இறக்கி, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் விரித்தார். உள்ளே ஒரு செவலை நாய். கீழ்த்தாடை இல்லை. நாக்கில் பாதிதான் இருந்தது. வால் மட்டும் தரையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"யாரு நாய்ங்க இது?" என்றேன்.

"யாரோடதும் இல்லக்கா. ஊர்ல சுத்திக்கினு இருக்கும். எங்க வூட்ல சோறு போடுவோம். நான் கொல்லிக்கு வேலைக்குப் போனா பின்னாலயே வரும்."

"இன்னா ஆச்சு?"

"காட்டுப் பன்னி ஜாஸ்திக்கா. கெழங்கு பூராத்தையும் நோண்டிப் போட்டுடுது. அவுட்டுக்காய் வெச்சிருந்தேன். நான்தான் வெச்சேன்."

அவுட்டுக்காய் என்பது இரைக்குள் மறைத்து வைக்கிற நாட்டு வெடி. கடித்தால் வாய் சிதறிவிடும். வைத்தது தெரிந்தால் கேஸ். கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்துதான் என்னிடம் வந்திருந்தார்.

நான்தான் இருவரையும் அங்கே கூட்டிப்போனேன். டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்கவேயில்லை. பார்த்ததுமே தெரிந்திருக்கும். வலிக்கு ஊசி போட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தைக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்லம்மா. ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாம். அதுக்கு அதான் நல்லது."

வாசலில் குந்தியிருந்தவரிடம் வந்து சொன்னேன். "கஞ்சி ஊத்தினா குடிக்கும்க்கா. காலைலகூட தண்ணி நக்கப் பாத்துச்சு" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதரைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னது. வலி நாய்க்கு.

நாயை என் கடையில் விட்டுவிட்டு அவர் மலைக்குத் திரும்பினார். ஊசி கழற்றிய சிரிஞ்சில் கஞ்சித் தண்ணீரை எடுத்துத் தொண்டைக்குள் விடுவேன். பெரும்பகுதி வெளியே வழிந்துவிடும். மூன்றாம் நாள் சீழ் பிடித்தது. ஐந்தாம் நாள் புழு. மருந்து தெளித்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். கத்த அதற்கு வாயில்லை. தொண்டையிலிருந்து ஒரு காற்றுச் சத்தம் வரும், அவ்வளவுதான். நான் மதியச் சோற்றைத் திறந்தால் தலையைத் தூக்கும். பசி மட்டும் குறையவேயில்லை. பிறகு நான் கடைக்குச் சோறு கொண்டுவருவதையே விட்டுவிட்டேன்.

தினமும் மலையிலிருந்து போன் வரும். "சாப்டுச்சாக்கா?"

"கொஞ்சம் சாப்டுச்சு" என்பேன்.

ஒன்பதாம் நாள் அது தலையைத் தூக்கவில்லை. டாக்டரை வரச்சொன்னேன். ஊசி போட்டார். அன்றைக்கே செய்திருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்.

போனில் சொன்னதும் மலைக்காரர் மத்தியானமே வந்துவிட்டார். ஏரிக்கரை ஓரமாக அவரே குழி வெட்டினார். மண்ணைத் தள்ளி மிதித்து, ஏரியில் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"பன்னி இன்னும் வந்துக்கினுதான் இருக்குது."

"மறுபடியும் வெச்சீங்களா?"

மண்வெட்டியைத் தண்ணீரில் அலசினார். "வூட்டாண்ட இன்னொரு குட்டி வந்து நிக்குதுக்கா. அதுக்குச் சோறு போடக் கூடாதுன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன். போட்டா பின்னாலயே வந்துடும்."

திட்ட வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்த ஒன்பது நாள் வலியை நீட்டியது நான்தான் என்பதால் திட்டவில்லை. இருவரும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ் நின்றிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர் என் பக்கம் திரும்பவில்லை. அதன்பிறகு போனும் வரவில்லை. நானும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.