ஏழு எலுமிச்சம்பழமும் ஒரு கண்ணிவாரிக் கப்பலும்

பேய் இரும்பைக் கண்டால் ஓடும் என்பது குண்டனி நாட்டு மலையூர்களில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான், கடற்படைக்குப் போன செல்லமுத்துவின் கையில் அவருடைய அம்மா ஓர் இரும்புக் காப்பை மாட்டி அனுப்பினார்.

1971 போரில் அவர் இருந்தது கண்ணிவாரிக் கப்பலில். எதிரி கடலுக்குள் போட்டுவைக்கும் வெடிகளை வாரி, பெரிய கப்பல்களுக்கு வழிசெய்யும் சின்னக் கப்பல். இரும்பு நெருங்கினால் வெடிக்கும் கண்ணிகளும் உண்டு என்பதால் கப்பலையே மரத்தில் செய்திருந்தார்கள்.

காப்பைப் பார்த்த அதிகாரி, "எல்லோரையும் கொல்லவா வந்தாய்?" என்று விளையாட்டாகக் கேட்டார். செல்லமுத்து மெய்யென்றே நம்பி, காப்பைக் கடலில் வீசினார். இனிப் பேய் வரும் என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பேய் வரவில்லை. வெடியும் வரவில்லை. போர் முடியும்வரை அந்தக் கப்பல் வாரியது இரண்டு மீன்வலைகளையும் மீனவர்களின் வசவையும்தான். ஆனால் பயத்தைக் கடலிலேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

எழுபத்தைந்து வயதில், போன மாசியில், மறுபடி வேலை வந்தது. கணவனை இழந்த பொன்னாயியின் மிளகு மூட்டைகளை ரோட்டுக்கு இறக்க ஒரே தடம். அவர் நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்டுக் கிடைக்காத அர்த்தனாரி, அந்தத் தடத்தில் ஏழு எலுமிச்சம்பழத்தைக் குங்குமம் தடவி வைத்தார். தாண்டினால் ரத்தம் கக்குவார்களாம். சுமக்க ஒருவரும் வரவில்லை. ஏழையின் நிலத்தைப் பிடுங்கப் பத்திரம் எதற்கு? பழம் போதும்!

"மழ வந்தா அத்தனயும் பூசணம் பூத்துப்போயிருமுங்ணா," என்று பொன்னாயி செல்லமுத்துவிடம் வந்து அழுதார்.

"கயிறு இருக்குதா கண்ணு?"

கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டி இழுத்துக்கொண்டு செல்லமுத்து நடந்தார். பழைய வேட்டியைக் கிழித்து இருபுறமும் கொடி நட்டார். ஊரே வேடிக்கை பார்த்தது. கூட்டத்தில் ஒருவர் கேட்டார்:

"ஏனுங்க, கட்டய முன்னால தள்ளாம நீங்க முன்னால போறீங்க?"

"கப்பல் அப்படித்தான் சாமி போகும்."

பழங்களைப் பொறுக்கி மடியில் கட்டினார். ரத்தம் வரவில்லை. பொன்னாயி முதல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொடிகளுக்கு நடுவே நடந்தார். வெட்கப்பட்ட ஆட்கள் பின்னால் வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் மிளகு முழுவதும் லாரி ஏறியது.

அதன்பின் பொன்னாயி வீட்டில் ஒரு பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்த செல்லமுத்துவிடம் அர்த்தனாரி வந்தார். பழம் வைத்த நாளிலிருந்து அவரும் அந்தத் தடத்தை மிதிக்காமல் ஒரு மைல் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, எல்லாத்தயும் எடுத்துட்டீங்களா?"

"எத்தன வெச்சீங்க?"

"ஏழுங்க."

செல்லமுத்து டம்ளரைக் கீழே வைத்து மடியை அவிழ்த்துக் காட்டினார். "எங்கிட்ட ஆறுதானுங்க இருக்குது."

அர்த்தனாரி இன்றும் சுற்றித்தான் போகிறார்.