கம்பிப்பதத்தில் ஒரு பக்லாவா

மகள் ஒரு துருக்கிப் பொடியனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட பிறகு ஒன்றரை வருடம் நான் அவளோடு பேசவில்லை. இரண்டு பேரும் எட்மண்டனில், பத்து நிமிட நடைதூரத்தில்தான் இருந்தோம். பஸ்ஸில் அவளைக் கண்டால் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிடுவேன். யாராவது சம்பந்தி வீட்டைப் பற்றிக் கேட்டால், "எனக்குச் சம்பந்தி எண்டு ஒருத்தரும் இல்லை" என்பேன். பிடிவாதத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் அவளே போன் எடுத்தாள்.

"அம்மா, மாமிக்கு வலது கை முறிஞ்சு பிளாஸ்டர் போட்டிருக்கு. நாளைக்குச் சனம் வரும். அவையின்ர பக்லாவா இனிப்புச் செய்ய எனக்குத் தெரியாது. உங்களுக்கு வரேலுமோ?"

நன்றாக ஏசிவிட்டு வைக்கத்தான் வாயைத் திறந்தேன். "ஓம், வாறன்" என்று வந்துவிட்டது.

அந்தப் பொடியனின் தாய் குசினியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து கட்டளையிட்டார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. மெல்லிய மாத்தகடுகள் காய்ந்துவிடாமல் ஈரத்துணியால் மூடி, ஒவ்வொன்றாக எடுத்து வெண்ணெய் தடவி அடுக்கினேன். நடுவில் பொடித்த வால்நட். அவண் அடுப்பில் வைக்கும் முன்பே துண்டு போட வேண்டும் என்று இடது கையால் வெட்டிக் காட்டினார். சொன்னபடி செய்தேன். பிறகு, தேனும் சீனியும் தண்ணீரும் கொதித்ததும் இறக்கி ஆறவிடச் சொல்லிவிட்டுத் தொழப் போனார்.

பாகு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எத்தனை வருடம் அரியதரப் பலகாரத்துக்குக் காய்ச்சியிருக்கிறேன்! இந்தத் தண்ணிப்பாகு எந்த மூலைக்கு என்று, இரண்டு விரலுக்கிடையில் கம்பி இழுபடும்வரை அடுப்பில் விட்டேன்.

ஊற்றினால் உள்ளே இறங்கவில்லை. மேலேயே நின்று இறுகிவிட்டது. கரண்டியால் தட்டினேன், டக் என்றது. மகளின் முகம் கறுத்துப்போனது. வால்நட்டும் முடிந்திருந்தது. இவ்வளவு நாள் கழித்து வந்து பெருநாளையும் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது. கோட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று யோசித்தேன். ஓடினால் திரும்ப வரமாட்டேன் என்பதும் தெரிந்தது.

தொழுதுவிட்டு வந்தவர் ஒரு துண்டைப் பெயர்த்து வாயில் போட்டார். கடிபடும் சத்தம் எனக்கே கேட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நாளை நீயும் வர வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் போனேன். வீடு நிறையச் சனம். அவர் அதே பக்லாவாவை இடது கையால் ஒவ்வொருவருக்கும் நீட்டி, என்னைத் தலையால் காட்டி ஏதோ சொன்னார். குற்றவாளியை அடையாளம் காட்டுகிறார் என்றே நினைத்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பல்லுக்குப் பயந்து பயந்து கடித்தார்கள்.

"பிள்ளை, என்னைப் பற்றி என்ன சொல்லுறா?" என்று மகளின் காதில் கேட்டேன்.

"'என்ர சம்பந்தி செய்தது, எடுங்கோ' எண்டு சொல்லுறா அம்மா. அவையின்ர பாஷையிலயும் அதுக்கு ஒரு சொல் இருக்கு."

எனக்கு வெட்கமாக இருந்தது.

வாசல் மணி மறுபடியும் அடித்தது. எழுந்து போய், என் சம்பந்தியின் கையிலிருந்த தட்டை நான் வாங்கிக்கொண்டேன்.