தங்கமணி அக்காவின் நெத்திலித் தீர்ப்பு

கோலா கெத்திலில் எங்கள் தாமான் குடியிருப்பில் எந்தப் படம் ஓடும், எந்தப் படம் படுத்துக்கொள்ளும் என்பதை முடிவு செய்பவர் தங்கமணி அக்கா. கோடி கோடியாகக் கொட்டிப் படம் எடுப்பவர்களுக்கு இந்த விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் பூசை போடும் முன்பே ஒரு நடை இங்கே வந்து, அக்காவிடம் கதையைச் சொல்லி, எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. கையுறைக்குள் காற்றடைத்து எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் பார்க்கிறார். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்து படம் பார்த்தால் என்ன ஆகும்? பினாங்கில் பஸ் ஏறிய கதாநாயகன் அலோர் ஸ்டாரில் வேறு சட்டையோடு இறங்கினால் டைரக்டர் நிம்மதியாகத் தூங்கலாம், அக்கா தூங்கமாட்டார்.

அவர் நட்சத்திரம் கொடுப்பதில்லை, மதிப்பெண்ணும் போடுவதில்லை. எல்லாம் வீட்டு வேலையை வைத்துத்தான். "துணி மடிக்கிற படம்" என்றால், அவ்வப்போது நிமிர்ந்து பார்த்தால் போதும், கதை எங்கும் ஓடிவிடாது. "வெங்காயம் உரிக்கிற படம்" என்றால் அழுகை உண்டு, புருஷன் கேட்டால் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். "உக்காந்து பாக்கணும்" என்பதுதான் ஆக உயர்ந்த தீர்ப்பு. அது வருடத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம். அதலபாதாளத்தில் இருப்பது "நெத்திலி ஆயலாம்". அதாவது ஒரு கிலோ நெத்திலியை முன்னால் கொட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் தலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கலாம். திரையில் ஒன்றும் இல்லை.

தீர்ப்புகள் குரல் பதிவாக வாட்ஸ்அப் குழுவில் வரும். நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள். பெண்டாங், யான் ஊர்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள்கூட அக்காவின் குரலுக்காகவே குழுவை விட்டுப் போகாமல் இருக்கிறார்கள்.

அந்தக் குரலுக்கு முதல் ரசிகை மோகனா அக்கா. தொழிற்சாலையில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை, கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டு, தாமானில் எதிரெதிர் வீடு. மோகனா அக்கா வாயில்லாப் பூச்சி. ஒரு படத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்து யாரும் கேட்டதில்லை. காலையில் பஸ்ஸில் ஏறியதும், "ஏய் தங்கமணி, அத பாக்கலாமா?" என்பார். பாக்கலாம் என்றால் பார்ப்பார். வேண்டாம் என்றால் அந்தப் படம் அவருக்குச் செத்தது.

நான் யோகேஸ்வரி. அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு, தங்கமணி அக்கா வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. இந்தக் கதையில் குற்றவாளி நான்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

படம் பார்க்கும் செயலியில் எங்கள் ஐந்து வீட்டுக்கும் ஒரே கணக்கு. பினாங்கில் இருக்கும் அக்காவின் மகன் போட்டுக் கொடுத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று அவன் சொன்னான். எப்படி என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும் அல்லவா? ஆகவே ஐந்து வீட்டிலும் யார் பார்த்தாலும் பார்த்தது "தங்கமணி"தான். அந்தச் செயலி பாவம், குழம்பிப்போய்க் கிடந்தது. கொரியாக் காதல், கொலைக்கேஸ், குழந்தைகள் பார்க்கும் பன்றிக்குட்டி எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கி, "தங்கமணி, உங்களுக்காக" என்று நீட்டும்.

இப்படி இருக்கையில்தான் மோகனா அக்காவின் மகன் கவின் எழுதிய சீரிஸ் வந்தது. கவின் கோலாலம்பூரில் இருக்கிறான். எஸ்டேட் லாரி ஓட்டும் அண்ணன் காணாமல் போகிறான், தம்பி தேடிப் போகிறான், இதுதான் கதை. பாதியை எங்கள் ஊர்ச் செம்பனைத் தோட்டத்திலேயே எடுத்தார்கள். படப்பிடிப்பு நடந்த நான்கு நாளும் மோகனா அக்கா ச்சூத்தி போட்டு, லீவில் நின்று, முப்பது பேருக்கு மீ கோரெங் பிரட்டிக் கொடுத்தார். சீரிஸ் வெளியான அன்று பஸ்ஸில் அவர் தங்கமணி அக்கா பக்கம் திரும்பினார்.

"தங்கமணி, பாத்துட்டு உள்ளத சொல்லு. என் மவன்னு பாக்காத. குரூப்லயே சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

"நான் என்னைக்குலா பொய் சொல்லிருக்கேன்?" என்றார் தங்கமணி அக்கா.

மூன்று சாயங்காலம் பார்த்தார். மூன்றாம் நாள் முடிந்ததும் வாசலிலேயே உலாத்தினார். அவர் புருஷன் முருகையா அண்ணன், "பேசாம நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயேன், என்னா குறஞ்சிறப் போவுது?" என்றாராம். அதுதான் வினையாகிவிட்டது. பொய் சொல் என்று சொன்னால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

குரல் பதிவு நான்கு நிமிடம். "மக்களே, அஞ்சு எபிசோட்டும் பாத்துட்டேன். மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா சொல்லணும். ரெண்டாவதுல அண்ணன்காரன் உயிரோட போன்ல பேசுறான், அடுத்ததுல அவன் போட்டோவுக்கு மால தொங்குது. எப்படிச் செத்தான்? யாரு கொன்னா? ஒருத்தனும் சொல்லல. கடைசில பாத்தா தம்பிக்கு ஒரு பொண்டாட்டி இருக்கா, அவ எங்கேருந்து வந்தா? தல ஒரு பக்கம், ஒடம்பு ஒரு பக்கம். கவினு, அத்த சொல்றேன்னு கோவிச்சுக்காதடா. இது நெத்திலி ஆயலாம்."

பதிவு வந்த ஒரு நிமிடத்துக்குள், மோகனா குழுவை விட்டு வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. மறுநாள் பஸ்ஸில் அவர் டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்துகொண்டார். தொழிற்சாலையில் வேறு மேசை கேட்டு வாங்கிக்கொண்டார். தங்கமணி அக்கா இரண்டு முறை எதிர்வீட்டுக் கேட்டருகே போய் நின்றார். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை.

அதோடு அக்கா தீர்ப்புச் சொல்வதையே நிறுத்திவிட்டார். "எனக்கு எதுக்கு இந்தப் பொழப்பு? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம சினேகிதத்தத் தொலச்சேன்" என்று என்னிடம் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு உடன்பிறந்த பெண் கிடையாது, மோகனா அக்காதான் எல்லாம்.

தாமான் திசை தெரியாமல் தவித்தது. மளிகைக்கடை அய்யாவு அண்ணன் தானாக ஒரு சீரிஸைத் தேர்ந்தெடுத்து ஆறு மணி நேரம் பார்த்திருக்கிறார். கடைசியில் எல்லாம் கனவு என்று முடித்துவிட்டார்களாம். மறுநாள் கடைக்குப் போனவர்களிடமெல்லாம் வெங்காயத்தை எடை போட்டபடியே அவர் அந்த டைரக்டரைத் திட்டினார், நானே இரண்டு முறை கேட்டேன். குணா என்கிற குணாளன் அண்ணன், மோகனா அக்காவின் புருஷன், பாவம், இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவினின் சீரிஸை மட்டும் தாமானில் யாரும் தொடவில்லை. அக்கா நெத்திலி என்று சொன்ன பிறகு யார் பார்ப்பார்கள்?

பார்த்தவள் ஒருத்திதான், எங்கள் பிரிவில் வேலை செய்யும் சாந்தினி. அவள் குழுவில் இல்லை. இரண்டு வாரம் கழித்து பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "யோகேஸ் அக்கா, கவின் எழுதுனத பாத்தீங்களா? எட்டு எபிசோட்டும் ஒரே மூச்சுல பாத்தேன். அந்த நாலாவது எபிசோட், ஐயோ!" என்றாள்.

"எட்டா? அஞ்சுதானேலா?"

"எட்டுக்கா! நாலாவதுலதான அண்ணன் செத்துப்போறான். யான் பக்கம், வயக்காட்டு வாய்க்கால்ல தூக்குவாங்களே!"

அந்த வாய்க்காலை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைத் தின்றுவிட்டு, நாமும் கவின் படத்தைப் பார்ப்போமே என்று படத்தை அமுக்கினேன். ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது யாரையோ வாய்க்காலிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார்கள், உடனே எழுத்து ஓடியது, நான் அணைத்துவிட்டேன். மறுநாள் பல்வலி என்று எம்சி லீவு போட்டு வீட்டில் இருந்தேன். மறுபடி அமுக்கினேன், மறுபடி தூங்கினேன்.

செயலிக்கு என்ன தெரியும்? தங்கமணி பார்த்துவிட்டாள் என்று அது நகர்த்திக்கொண்டே போயிருக்கிறது. சனிக்கிழமை அக்கா முதல் இரண்டைப் பார்த்தார். மூன்றிலும் நான்கிலும் நான் குறட்டை விட்டேன். அக்கா சாயங்காலம் வந்து "தொடர்ந்து பார்" என்பதை அமுக்கினார், ஐந்து வந்தது, ஆறு வந்தது. ஏழில் நான் தூங்கினேன். அக்காவுக்கு எட்டு வந்தது. எபிசோட் எண் மூலையில் எறும்பு மாதிரி வரும், அவர் கண்ணாடிக்கு அது எட்டாது.

நான் உடனே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். மூன்று நாள் கழித்துத்தான் சொன்னேன். பயம். சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அடிப்பாவி! நீ தூங்குனதுக்கு என் சினேகிதி போனாளா?" என்றார். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "இல்ல, உன்னையச் சொல்லி என்னா செய்ய? அண்ணன் திடீர்னு செத்துக் கெடக்கான், எங்கயோ இடிக்குதேன்னு நான்ல தேடிருக்கணும்? காலம்பூரா ஓட்ட பாக்குறவ!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். அடுத்த நொடி சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். முருகையா அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிறு காலை என் கையைப் பிடித்துச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை கேட்டை விடாமல் ஆட்டினார். மோகனா அக்கா வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"இன்னும் என்னா சொல்லப் பாக்கி?"

"மோகனா, நான் பாக்காமலே பேசிட்டேன்டி. மூணு எபிசோட்ட நான் பாக்கவே இல்ல. தப்பு என்னுது. நீ அடிச்சாலும் வாங்கிக்குறேன், கேட்ட தொற." பின்னால் நின்ற நான் குறட்டை விவரத்தைச் சேர்த்துக்கொண்டேன். "அப்ப நீயாவது சொல்லிருக்கலாம்ல?" என்றார் தங்கமணி அக்கா மோகனா அக்காவிடம், கம்பியைப் பிடித்தபடி. "எட்டு எபிசோட், நீ அஞ்சு பாத்துட்டுப் பேசுறியேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

மோகனா அக்கா புடவைத் தலைப்பைத் திருகினார். பிறகு மெல்ல, "எனக்கு எப்படித் தெரியும்? நானே இன்னும் பாக்கல" என்றார்.

"இன்னும் பாக்கலையா?" என்று நானும் தங்கமணி அக்காவும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"கவின் கேட்டப்ப, மொத நாளே பாத்துட்டேன், நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். ஆனா பாக்கல. பயமா இருந்துச்சு. நீ பாத்து நல்லாருக்குன்னு சொல்லுவ, அப்புறம் பாப்போம்னு இருந்தேன். நீ சொல்லாம நான் எதலா பாத்திருக்கேன்?"

தங்கமணி அக்கா அழுதுவிட்டார். கம்பிக்குள் கையை விட்டு மோகனா அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். பூட்டைத் திறக்கச் சாவியைத் தேடுவதற்குள் மோகனா அக்காவும் அழுதார். சாவி குணாளன் அண்ணன் பாக்கெட்டில் இருந்தது. அவர் ஓடிவந்து திறந்த வேகத்தில் செருப்பு ஒன்று சாக்கடையில் விழுந்தது, அதை எடுக்கக்கூட அவர் நிற்கவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்து, முதல் எபிசோடிலிருந்து ஆரம்பித்தோம். தங்கமணி அக்கா கையில் எந்த வேலையும் இல்லை. எபிசோட் எண்ணை ஒவ்வொரு முறையும் நான் உரக்கப் படிக்க வேண்டும் என்று உத்தரவு. மத்தியானத்துக்குக் குணாளன் அண்ணன் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்தார். நான்காவதில் வாய்க்காலிலிருந்து அண்ணனைத் தூக்கியபோது மோகனா அக்கா, "ஐயோ, யார் பெத்த புள்ளயோ!" என்று அழுதார். தன் பிள்ளை எழுதியது என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. தம்பியின் கல்யாணம் மூன்றாவதிலேயே முடிந்திருந்தது. நான் ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

ஏழாவது வந்ததும் மோகனா அக்கா நெளிய ஆரம்பித்தார். எட்டாவது முடிந்ததும் தங்கமணி அக்காவைப் பார்த்து, "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"நீ சொல்லு."

"எனக்கென்னா தெரியும்?"

"இருவத்திரண்டு வருஷமா நானே பேசிட்டேன். இன்னைக்கு நீ பேசு." தங்கமணி அக்கா தன் கைப்பேசியில் குழுவைத் திறந்து, "மக்களே, மூணு எபிசோட் பாக்காம நான் பேசுனது தப்பு, மன்னிச்சிருங்க. இப்ப கவினோட அம்மா பேசுவா" என்று சொல்லி, கைப்பேசியை மோகனா அக்காவின் வாயருகே நீட்டினார்.

மோகனா அக்கா தொண்டையைச் செருமினார். பேச ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. "கவினு, நாலாவது எபிசோட்டுக்கு உனக்கு நான் கோடி கும்புடு போடுறேன்டா. ஆனா ஏழாவதுல அந்தப் பொண்ணு ஏன்டா இருவது நிமிஷம் மழைல நிக்குறா? அவளுக்குக் கொட இல்லையா? அவள ஒருத்தரும் தேட மாட்டாங்களா? லாரிக்காரன் வீட்டுல அவ்ளோ பெரிய சோபா ஏதுடா? உங்கப்பா லாரி ஓட்டுனப்ப நம்ம வீட்டுல பாயிதானடா கெடந்துச்சு?" பதினோரு நிமிடம். தங்கமணி அக்காவுக்கே அதுவரை வராத நீளம். கைப்பேசியைப் பிடித்த கையை அவர் மாற்றி மாற்றிப் பிடித்தார். சிரிப்பை அடக்கி அவர் முகம் சிவந்துபோயிருந்தது.

கவின் குழுவில் இல்லை, அவனுக்கு அந்தப் பதிவை நான்தான் அனுப்பினேன், கால் மணி நேரத்தில் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டான். குரலில் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "அம்மா, மொத நாளே பாத்துட்டேன், நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

மோகனா அக்கா ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது பெத்தவ சொன்னது. இது பாத்தவ சொல்றது. ரெண்டையும் வச்சுக்க."