சோறு வரும்வரை காத்திருந்த தட்டம்

வாசகரே, சாட்சி இல்லாத வழக்கை நான் பட்டிமன்ற மேடையில் எடுத்துப் பேசியதில்லை. ஆகவே மாலை ஐந்து மணிக்குச் சாயர்புரத்தில் என்னுடன் பேருந்தில் ஏறுங்கள். விருந்து முடியும்வரை உடனிருந்து பாருங்கள்.

என் கல்லூரித் தோழன் ஜெரோம் கீழவைப்பாரைச் சேர்ந்தவன். கியோட்டோவில் ஆறாண்டுகள் சமையல் பயின்று திரும்பியவன், தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் ஒரு மாடியறையைப் பார்த்திருக்கிறான். சிறு சிறு தட்டுகளாக ஒன்றன்பின் ஒன்று வரும் ஜப்பானிய விருந்தை அங்கே நடத்துவது அவன் எண்ணம். பிரியாணிக் கடைக்காரர் ஒருவரும் அதே இடத்தைக் கேட்டிருந்தார். கட்டட உரிமையாளரான அண்ணாச்சியோ, "சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றுவிட்டார். தீர்ப்பு இன்று. வாதாடப் போகிறவன் நான்.

"வேட்டியும் துண்டுமா எங்கன கெளம்பிட்டீரு?" என்றார் நடத்துநர்.

"ஜப்பான் விருந்துக்கு."

"அப்ப வீட்ல ஒருவாய் சாப்பிட்டுட்டுத்தான வந்தீரு?"

சுமார் இருபது கிலோமீட்டர் தூரமும் பச்சை மீனுக்கு ஆதரவான வாதங்களை மனத்துள் அடுக்கியபடி சென்றேன். ஊர் நெருங்குகையில் உப்புக் குவியல்களின் மீது மாலை வெயில் கிடந்தது.

ஏழு மணிக்கு அந்த மாடியறையில் அண்ணாச்சியும் நானும் தாழ்ந்த மேசையின்முன் சம்மணமிட்டு அமர்ந்தோம். முதல் தட்டம் வந்தது: வெள்ளரியோடு நண்டுச் சதை, சீலா மீனின் பச்சை வில்லைகள், சுட்ட கத்தரிக்காய். அண்ணாச்சி முகர்ந்து பார்த்தார். தட்டத்தை இடப்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கைகட்டிக்கொண்டார்.

ஒரு தட்டம் காலியாகாமல் அடுத்தது வராது என்பது அந்த விருந்தின் முறை. நேரம் சென்றது. சமையலறைத் திரையிடுக்கில் ஜெரோமின் முகம் தெரிந்து தெரிந்து மறைந்தது. இனிப் பொறுப்பதற்கில்லை என்று நான் தொடங்கினேன். அலையோடு பிறந்த நாம் மீனின் இயற்கைச் சுவைக்கு அஞ்சலாமா என்று வினவி, நானே விடையும் பகர்ந்தேன். அண்ணாச்சி முழுவதையும் கேட்டார்.

"நல்லா பேசுதீரு தம்பி. மீனை நான் ஒண்ணும் சொல்லலியே. சோறு வரட்டும்னு இருக்கேன். தொடுகறிய இப்பமே தின்னுட்டா, பொறவு சோத்துக்கு என்னத்தத் தொட?"

என் தட்டத்தைப் பார்த்தேன். நானும் அதில் கை வைத்திருக்கவில்லை.

எழுந்து திரைக்குப் பின்னால் சென்றேன்.

"பிடிக்கலியாலே அவருக்கு?" என்றான் ஜெரோம்.

"அவரு சோத்துக்குக் காத்துக்கிட்டிருக்காருலே."

"சோறு கடேசிலதான் மாப்ள!"

"அது அவருக்குத் தெரியாதுல்லா?"

ஜெரோம் அரிசி ஊறிக்கொண்டிருந்த மண்பானையைச் சிற்றடுப்போடு தூக்கிவந்து அண்ணாச்சியின் முன் வைத்தான்.

"அண்ணாச்சி, சோறு ஒங்க கண்ணு முன்னாலதான் வேகப் போவுது. அதுவரைக்கும் வாரதெல்லாம் வெறும் வாய்க்குத்தான்."

"வெறும் வாய்க்கா? இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லாலே!"

அண்ணாச்சி சாப்பாட்டுக் குச்சிகளை ஒதுக்கிவிட்டு விரலால் சீலா வில்லையை எடுத்தார். மென்றார். இன்னொன்று எடுத்தார். அதன்பின் தெளிந்த சாறு, அவித்த விளமீன், சுட்ட ஊளி மீன் என வந்தவை வந்த வேகத்தில் காலியாயின. இடையிடையே பானையையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். கடைசியில் மூடி திறந்து ஆவி எழுந்தபோது வாய்விட்டுச் சிரித்தார்.

"சோறு வந்துட்டு, தொடுகறி போயிட்டு!"

முள்ளங்கி ஊறுகாயோடு இரண்டு கிண்ணம் உண்டபின் தீர்ப்புச் சொன்னார்: "பிரியாணிக்காரர வேற எடம் பாக்கச் சொல்லுதேன். ஆனா ஏலே, பானைதான் மொதல்ல வந்து உக்காரணும்."

ஜெரோமும் நானும் கடற்கரைச் சாலையில் இறங்கி நடந்தோம். ஊரில் மணிக்கணக்கில் பேசி நான் வென்ற மேடைகள் பல. இங்கே வென்றது ஒரு பானை. தொலைவில் துறைமுக விளக்குகள் அசையாமல் நின்றன.

"தெறப்பு விழாவுல நீதான் மாப்ள பேசணும். ஒரு மணி நேரம் எடுத்துக்கோ" என்றான் ஜெரோம்.

காற்றையும் மீறிக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "ஒரே ஒரு வாக்கியந்தாம்ல பேசுவேன். 'சோறு வருது, காத்திருக்காம சாப்பிடுங்க.' அதுக்கு மேல ஒரு சொல் பேசுனா, மைக்கைப் புடுங்கிரு."