கொய்யாவுக்குத் தைத்த பைகள்

அளவு எடுக்காமல் அவர் எதையும் வெட்டமாட்டார். அதனால் தெருவே அவரை அளவு மாஸ்டர் என்றது. ஊருக்கெல்லாம் கல்யாண உடுப்பு தைத்த மனிதர், தன் ஒரே மகள் தானே பார்த்துக்கொண்ட பையனைக் கட்டிக்கொண்டபோது மட்டும் மிஷினை மூடிப் போட்டுவிட்டார். அவள் கடையில் வாங்கிய உடுப்போடு கல்யாணம் செய்துகொண்டாள். அதற்குப் பிறகு வாசல்படி மிதிக்கவில்லை. அம்மாவோடு போனில் பேசுவதோடு சரி.

போன வருஷம் அப்படியொரு பேச்சின் நடுவே கேட்டாள்: "அம்மா, நம்ம கொய்யா இன்னும் காய்க்குதா? பழுத்தா சொல்லும்மா, வந்து பறிச்சுத் தின்னுட்டுப் போறேன்."

பக்கத்தில் பித்தான் தைத்துக்கொண்டிருந்த மாஸ்டர், தைத்த பித்தானையே இன்னொரு முறை தைத்தார்.

காய் நிறையத்தான் காய்த்தது. பழ ஈ விடவில்லை. மஞ்சள் கண்ட பழத்தைப் பிட்டால் உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. உதிர்ந்ததைப் பெருக்கிப் பெருக்கி மனைவிக்கு இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம்.

இந்த வருஷம் பூ விட்டதும் மாஸ்டர் உரக்கடைக்குப் போனார்.

"வீட்டு மரத்துக்கு மருந்தெல்லாம் வேண்டாம் மாஸ்டர். காய்க்குக் காய் பை கட்டுங்க. சின்னதா இருக்கும்போதே கட்டிடணும்" என்ற கடைக்காரர், சிரிப்பை அடக்கமாட்டாமல், "மரத்துக்கே சட்டை தைக்கிற ஆள் நீங்கதான். காலர் உண்டா?" என்றார்.

"பாக்கெட்டும் வைக்கிறேன். உன் மருந்தை அதுல போட்டுக்கோ."

வீட்டில் வெட்டுத்துண்டுகள் மூட்டையாகக் கிடந்தன. காற்றுப் புகுகிற மெல்லிய துணியாகப் பொறுக்கினார். கத்தரியை எடுத்தவர், மரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிஞ்சு சுண்டைக்காய் மாதிரி இருந்தது. இதற்கு எந்த அளவில் வெட்டுவது?

"பெரிசாத் தைச்சு மாட்டுங்களேன், காய் வளர்ந்து நிரப்பிக்கும்" என்றாள் மனைவி.

"தொளதொளன்னு தைச்சு எனக்குப் பழக்கமில்லை. வளர்த்தி நிக்கட்டும், அளவெடுத்துத் தைக்கிறேன். இடுக்கு இருந்தா ஈ நுழைஞ்சிடும்."

காத்திருந்தார். காய்கள் திரண்டு பச்சை வெளுக்கத் தொடங்கியபோதுதான் நாடாவோடு ஏணியில் ஏறினார். ஒவ்வொன்றையும் சுற்றி அளந்தார். இரட்டைத் தையல், வாயில் சுருக்குக் கயிறு. எறும்புகூட நுழைய முடியாது.

"உங்கப்பா மரத்துக்கே துணி உடுத்தி விட்டிருக்காருடி. பழுத்துடும், வந்துடு" என்று மனைவி மகளிடம் சொன்னாள்.

"அப்பாவா?" என்று அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அந்த வீட்டில் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

முதலில் ஒரு பையின் அடியில் ஈரம் கசிந்தது. பனி என்றார். மறுநாள் இன்னும் நாலைந்து கசிந்தன. அவிழ்த்தார். பழம் கூழாகிக் கிடந்தது; கூழுக்குள் புழு. ஈ எப்போதோ வந்து, காயைக் குத்தி முட்டையிட்டுவிட்டுப் போயிருந்தது. அது போன பிறகு மாஸ்டர் அளவெடுத்து, இறுக்கித் தைத்து, குருவிகூடக் கொத்தாதபடி புழுவுக்குக் காவல் போட்டிருந்தார்.

ஒன்றாவது தேறாதா என்று எல்லாப் பைகளையும் அவிழ்த்தார். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பழமாகப் பிளந்து போட்டார். தேறவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. "பழுத்துடுச்சாம்மா? லீவு சொல்லிட்டேன்."

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

"எல்லாம் புழு விழுந்துடுச்சும்மா. பழம் இல்லாட்டி என்ன, நீ வா" என்றாள் மனைவியே போனில்.

அந்தப் பக்கத்திலிருந்து, "அப்பா வரச் சொன்னாரா?"

மாஸ்டர் பிளந்த பழத்தையே இன்னொரு முறை பிளந்தார்.

"சரிம்மா. லீவை வேணாம்னு சொல்லிடுறேன்."

போன் அடங்கியது. "'வா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும் உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"பழம் இருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் அவர், கையெல்லாம் பிசுபிசுக்க. "இப்ப எதைக் காட்டிக் கூப்பிடுறது?"